சிபாப் பழகும் முதல் மூன்று மாதம்: ஏற்கெனவே பழகியவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது எப்படி?

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகும் நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். அதற்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்துவைப்பதுதான் சிபாப் இயந்திரம். அதை வாங்கிய சிலருடைய வீட்டில் அது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் இருக்கும். சிலருடைய வீட்டில் பையோடு பீரோவுக்கு மேலே ஏறியிருக்கும். எழுதிக்கொடுத்த டாக்டரும் ஒருவராக இருப்பார், மாடலும் ஒன்றாகவே இருக்கும். எட்டு வருடமாக நான் மாஸ்க் போட்டுத் தூங்குகிறேன். அதில் ஐந்து வருடமாகப் புதிதாகத் தொடங்குகிறவர்களோடு பேசியும் வருகிறேன். பீரோ மேலே போகிற இயந்திரம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே போய்விடுகிறது என்பது நான் கண்ணால் பார்த்தது. முதல் சில நாட்களில் ஒருவர் எப்படிப் பழகுகிறாரோ, பிற்பாடும் ஏறக்குறைய அப்படியே தொடர்கிறார் என்று தூக்க மருத்துவ ஆய்வுகளும் சொல்கின்றன.

அந்த இரண்டு வாரத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள்? டாக்டரை அடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் பார்ப்போம். இயந்திரம் கொண்டுவந்து வைத்தவர் இருபது நிமிடத்தில் பட்டன்களைக் காட்டிவிட்டுப் போயிருப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு நம்மைவிடப் பயம் அதிகம். இரவு இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, "எனக்கும் மூணாம் நாள் இப்படித்தான் இருந்துச்சு, பத்தாம் நாள் இல்ல" என்று சொல்லக்கூடிய ஒருவர் தெரிந்திருந்தால் மறுநாள் இரவு மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றும். அப்படிப்பட்டவரை நான் வழித்துணை என்று சொல்கிறேன். அவரைத் தேடிப்பிடித்து மூன்று மாதம் எப்படிச் சேர்ந்து நடப்பது, எந்த இடத்தில் அவரை விட்டு டாக்டரிடம் போவது என்பதை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். நோயாளிக்கும், வீட்டாருக்கும், நாளை வழித்துணையாக வர நினைப்பவருக்கும் சேர்த்தே எழுதியது.

வெறும் ஆறுதல் பேச்சா இது?

இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சாய்ராம் பார்த்தசாரதியின் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2013ல் வெளியிட்டது. மொத்தம் 39 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு அதோடு, சிபாப்பை நன்றாகப் பழகி, அதற்கென்று பயிற்சியும் பெற்ற ஒரு சக நோயாளி துணை. மூன்று மாதத்தில் இரண்டு முறை நேரில் சந்திப்பு, எட்டு முறை தொலைபேசிப் பேச்சு. துணை இருந்தவர்கள் இரவில் கூடுதல் நேரம் மாஸ்க் போட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அந்தக் கணக்கைக் கவனியுங்கள்: மூன்று மாதத்துக்குப் பத்தே தொடர்புகள். யாரும் யாரையும் தினமும் தூக்கிச் சுமக்கவில்லை. நான் கீழே சொல்லும் கால அட்டவணையும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1980ல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கி, 1981ல் ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அதுவரை கடுமையான ஸ்லீப் ஆப்னியாவுக்கு நிச்சயமான வழி என்று இருந்தது தொண்டையில் துளை போடுவதுதான். ஆரம்ப கால மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் மூக்கில் பசையால் ஒட்டவைத்து, காலையில் உரித்தெடுத்தார்கள். புதிதாக வருகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். கையில் இருக்கும் மெத்தென்ற சிலிக்கான் மாஸ்க்கை அப்புறம் அவர்கள் பார்க்கிற விதமே மாறிவிடும்.

முதல் படி: ரிப்போர்ட்டைப் படித்துக்கொள்ளுங்கள்

வழித்துணையிடம் போவதற்கு முன் உங்கள் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டில், அதாவது தூக்கத்தில் உங்கள் மூச்சை அளந்த பரிசோதனையின் முடிவில், இரண்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ஏ.ஹெச்.ஐ. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு இது. குறைந்தது பத்து விநாடி நீடித்தால்தான் ஒன்றாக எண்ணுவார்கள். 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. இன்னொன்று, இரவில் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது என்பது.

எண்ணைத் தெரிந்துகொள்ளச் சொல்வது பயமுறுத்துவதற்கு இல்லை. எனக்கு 41 வந்திருந்தது. மணிக்கு 41 முறை என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை. அதை மனதில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான், "குறட்டைக்கு ஒரு மிஷினா" என்ற என் எரிச்சல் அடங்கியது.

இரண்டாம் படி: ஆளைத் தேடுங்கள்

எங்கே தேடுவது? ஸ்லீப் ஸ்டடி செய்த இடத்திலேயே கேளுங்கள். நுரையீரல் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ இருக்கும் ஸ்லீப் டெக்னீஷியனுக்குத்தான் யார் நன்றாகப் பழகியிருக்கிறார்கள் என்பது தெரியும். "நல்லா யூஸ் பண்ற பேஷன்ட் யாராவது என்கிட்ட பேசச் சம்மதிப்பாங்களா? அவங்ககிட்ட கேட்டுட்டு நம்பர் தர முடியுமா?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் யாரோ ஒருவர் கிடைப்பார். சொந்தக்காரர், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் என்று விசாரித்தாலும் கிடைப்பார்கள். வெளியே சொல்லாமல் மாஸ்க் போட்டுத் தூங்குகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

எப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குறைந்தது ஆறு மாதம் விடாமல் போட்டவராக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆரம்பத்தில் அவரும் கஷ்டப்பட்டிருக்க வேண்டும். முதல் இரவே சுகமாகத் தூங்கிவிட்டவர்கள் உண்டு. நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களுக்கு உங்கள் திணறல் புரியாது. "இதுல என்ன சார் கஷ்டம்?" என்று கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு கேள்வி போதும், நீங்கள் அடுத்த முறை அழைக்க மாட்டீர்கள்.

அவருடைய வாழ்க்கை உங்களுடையதுபோல இருந்தால் இன்னும் நல்லது. இரவு ஷிப்ட் ஓட்டுநருக்கு இரவு ஷிப்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும், பகலில் ஜன்னலை மூடிக்கொண்டு எப்படி மாஸ்க்கோடு தூங்குவது என்று. பெண்களுக்குப் பெண்ணே துணையாக இருப்பது நல்லது. குறட்டை விடுவது ஆண்களின் சமாச்சாரம் என்று ஊர் நினைக்கிறது. அதனால் நாற்பது ஐம்பது வயதில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பெண்கள் பலர் அதை அக்கா தங்கையிடம்கூடச் சொல்வதில்லை.

இயந்திரமோ மாஸ்க்கோ விற்கிறவர், விற்பனைக்குக் கமிஷன் வாங்குகிறவர் வழித்துணையாக இருக்கக் கூடாது. அவர்களில் பொறுப்பாகச் சொல்லித்தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் "இந்த மாஸ்க் சரியில்லை" என்று நீங்கள் சொல்லும்போது, இன்னொன்றை வாங்கச் சொல்வதால் லாபம் வராத ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: முதல் இரவுக்கு முன் ஒரு பகல்

முடிந்தால் நேரில் சந்தியுங்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே நடந்தால் மிக நல்லது. கணவனோ மனைவியோ கூட வரட்டும். இந்தச் சந்திப்பில் அதிகம் பேச வேண்டியதில்லை. வழித்துணை தன்னுடைய மாஸ்க்கைப் போட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, பத்து நிமிடம் படுத்துக் காட்டட்டும். சத்தம் இவ்வளவுதானா என்பது தெரியும். இன்றைய இயந்திரங்கள் சரியாகப் பொருந்தினால் மெல்லிய காற்றொலிதான் வரும், சத்தம் என்று கேட்பது பெரும்பாலும் மாஸ்க் ஓரத்தில் ஒழுகும் காற்று. மாஸ்க்கோடு ஒரு மனிதர் சாதாரணமாக இருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு எந்தத் துண்டுப் பிரசுரமும் ஈடாகாது.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று எல்லோருக்கும் உண்டு. அதை வழித்துணையே எடுத்துச் சொல்லிவிட வேண்டும்: நடுராத்திரியில் கரன்ட் போனால் மூச்சு முட்டிவிடாதா? முட்டாது. எல்லா மாஸ்க்கிலும் நாம் விடும் மூச்சு வெளியேற சின்னத் துளைகள் இருக்கும். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் என்றால் வாய் திறந்தே இருக்கிறது. மூக்கும் வாயும் சேர்த்து மூடும் மாஸ்க்கில், காற்றழுத்தம் நின்றதும் திறந்துகொண்டு வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது. பெரும்பாலும் விழிப்பு வந்துவிடும், கழற்றிவிட்டுத் தூங்கலாம். சந்திப்பின்போதே பிளக்கைப் பிடுங்கிக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு நன்றாகப் புரியும்.

அதன்பின் வீட்டில் இரண்டு மூன்று நாள் பகல் பயிற்சி. முதலில் இயந்திரம் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம். பிறகு பட்டையை மாட்டி டிவி பார்த்துக்கொண்டு இருபது நிமிடம். பிறகு இயந்திரத்தைப் போட்டு, உட்கார்ந்தபடியே அரை மணி. பிறகு படுத்து. மூச்சடைப்புப் பயம் இருப்பவர்களுக்கு இந்த வரிசையை மாற்றாமல் செய்வது முக்கியம். ஒரு படியில் நெஞ்சு படபடத்தால் முந்தைய படிக்குப் போய் இன்னொரு நாள் இருங்கள். அவசரப்படுத்தும் வழித்துணை வேண்டாம்.

நான்காம் படி: பேச்சுக்கு ஒரு கணக்கு

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்பது கேட்க இனிமையாக இருக்கும். நடைமுறையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். சங்கடமாக இருக்கும். அதனால் நாளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள், அழைப்பது வழித்துணையின் பொறுப்பாக இருக்கட்டும். நான் பின்பற்றுவது: முதல் இரவு முடிந்த மறுநாள் காலை, 3ஆம் நாள், 7ஆம் நாள், 10ஆம் நாள், 14ஆம் நாள். பிறகு ஒரு மாதம் முடிவில், ஒன்றரை மாதத்தில், மூன்று மாதத்தில். காலையில் பேசுவதுதான் நல்லது, இரவின் நினைவு அப்போதுதான் பச்சையாக இருக்கும்.

கேட்பது மூன்றே கேள்வி. எத்தனை மணி நேரம் போட்டீர்கள்? எது எழுப்பியது? காலையில் எப்படி இருந்தது? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். தலைபாரம் குறைந்தது, இரவில் பாத்ரூம் போவது மூன்றிலிருந்து ஒன்றாகியது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகவில்லை என்று ஏதாவது ஒன்று மெல்ல வரும். அதை நோயாளியே கவனித்திருக்க மாட்டார். வாயால் சொல்லும்போதுதான் அவருக்கே தெரியும். சிலருக்கு இது மூன்று நாளில் வரும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

மணி நேரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு இரவுக்கு நான்கு மணி நேரம், பத்தில் ஏழு இரவு என்பது அமெரிக்காவில் காப்பீட்டுக்காக வைத்திருக்கும் அளவு. அதைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி போதும் என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மாஸ்க் இல்லாமல் தூங்கும் நேரத்தில் மூச்சு பழையபடிதான் நிற்கும். விடியற்காலைத் தூக்கத்தில் கனவுகள் வரும் கட்டம் அதிகம், பலருக்கு அந்த நேரத்தில்தான் மூச்சடைப்பும் கூடுதல். ஆகவே தூங்கும் நேரம் முழுவதும்தான் இலக்கு. ஆனால் முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் போட்டவரிடம் இதைச் சொல்லி அவரைத் தோற்கடிக்காதீர்கள். நேற்று ஒன்றரை, இன்று இரண்டு என்றால் அது முன்னேற்றம். பகல் தூக்கத்துக்கும் மாஸ்க் போட வேண்டும் என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே பழக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தொல்லைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது

வழித்துணையின் உண்மையான பயன் இங்கேதான். கையேட்டில் உள்ளவை பொதுவானவை. நம் வீடு, நம் ஊர், நம் முகத்துக்கு ஏற்றபடி சொல்ல அனுபவப்பட்டவர்தான் வேண்டும்.

காற்று ஒழுகுவது முதல் புகார். எல்லோரும் செய்வது பட்டையை இறுக்குவது. அதில்தான் மூக்குத் தண்டு புண்ணாகிறது, ஒழுகலும் கூடுகிறது. மாஸ்க்கின் குஷன் காற்றில் உப்பி முகத்தில் மிதந்தபடி உட்கார வேண்டும். அதனால் இயந்திரத்தை ஓடவிட்டு, தூங்கும் நிலையில் படுத்துக்கொண்டு, பட்டையைத் தளர்த்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். உட்கார்ந்து பொருத்திப் பார்த்த மாஸ்க் படுத்ததும் இடம் மாறும். முகத்தில் எண்ணெய் இருந்தால் வழுக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் காலையில் தேய்த்துக்கொள்ளுங்கள், இரவில் வேண்டாம். எண்ணெய் சிலிக்கானையும் பட்டைத் துணியையும் சீக்கிரம் கெடுக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைப்பது ஒழுகலைப் பாதி குறைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மூக்குக்குக் கீழே குஷன் சரியாக ஒட்டாது. மீசையை எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை, மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சின்ன மாஸ்க்கைக் கேட்டுப் பார்க்கலாம். மூக்குத்தி போட்டிருக்கும் பெண்களுக்கு அந்தச் சின்ன மாஸ்க்தான் குத்தும். அவர்களுக்கு மூக்கை வெளியே சுற்றி உட்காரும் வகை வசதி. இரவில் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லிச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பலருக்கு அது முடியாது. தட்டையான சின்ன மூக்குத்திக்கு மாற்றிக்கொண்டு சமாளித்த அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். ஆண் டெக்னீஷியனிடம் கேட்க வெட்கப்பட்டு மூன்று வாரம் மாஸ்க்கே போடாமல் இருந்த ஒருவருக்கு, அந்த அக்கா ஐந்து நிமிடப் பேச்சில் அதைத் தீர்த்துவைத்தார். பல்செட் வைத்திருப்பவர்கள் கழற்றியதும் கன்னம் உள்ளே போகும், மாஸ்க் அளவு மாறும். பொருத்திப் பார்க்கும்போதே கழற்றிவிட்டுப் பாருங்கள்.

வாய் உலர்ந்து காலையில் நாக்கு ஒட்டிக்கொண்டால், தூக்கத்தில் வாய் திறக்கிறது என்று அர்த்தம். ஏன் திறக்கிறது என்று பாருங்கள். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு டாக்டர். இயந்திரத்தில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டிப் பகுதியான ஹியூமிடிஃபையரின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் முழு முக மாஸ்க்கோ தாடைப் பட்டையோ தேவைப்படலாம்.

டியூபில் தண்ணீர் சேர்ந்து மூக்கில் சொட்டுவது ஏசி அறையில் தூங்குபவர்களின் பிரச்சினை. ஹியூமிடிஃபையரிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்த டியூபில் பட்டு நீராகிறது. கோடையில் ஏசியை 20ல் வைத்துக்கொண்டு ஹியூமிடிஃபையரையும் முழுதாகத் திருகிவிட்டால் இதுதான் நடக்கும். ஏசி வெப்பநிலையைச் சற்று ஏற்றுங்கள், ஈரப்பதத்தைக் குறையுங்கள், டியூபின்மேல் பழைய காட்டன் துணியை உறைபோலத் தைத்து மாட்டுங்கள். இயந்திரம் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஏசி இல்லாமல், கடலோர ஊரில், ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குபவர்களில் சிலருக்கு ஹியூமிடிஃபையரே தேவைப்படுவதில்லை.

வயிறு உப்பி, காலையில் ஏப்பமாக வருவது காற்றை விழுங்குவதால். ஒருக்களித்துப் படுப்பது, தலைப்பக்கத்தை உயர்த்துவது சிலருக்கு உதவும். குறையவில்லை என்றால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், அது டாக்டரின் வேலை.

தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறோம் என்பது பலரை வெட்கப்படுத்துகிறது. காலையில் எழுந்தால் மாஸ்க் தலையணைக்கு அடியில் கிடக்கும், கழற்றிய நினைவே இருக்காது. எனக்கும் முதல் மூன்று வாரம் இதே கதைதான். விழிப்பு வந்ததும் திட்டிக்கொள்ளாமல் மறுபடி மாட்டுங்கள், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேலும் தினமும் நடந்தால் ஒழுகலோ அழுத்தமோ சரியில்லாமல் இருக்கலாம், போய்க் காட்டுங்கள்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக. குஷனைத் தினமும், டியூபையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒருமுறை, மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், ஸ்பிரிட், வெயில் மூன்றும் வேண்டாம். ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020ல் எச்சரித்திருக்கிறது, அதில் பணம் போடாதீர்கள். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் சில நாளிலேயே அடியில் வெள்ளை உப்புப் படியும். இன்னொன்று, எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காதது: இயந்திரம் அறைக் காற்றைத்தான் இழுத்து உங்களுக்குள் அனுப்புகிறது. கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை அதன் பக்கத்தில் வேண்டாம். கொசுவலையும் மாஸ்க்கும் நன்றாகவே ஒத்துப்போகும்.

ஆறாம் படி: வீட்டாருடன்

வழித்துணை பேச வேண்டிய இரண்டாவது ஆள், பக்கத்தில் படுப்பவர். பல வருடம் குறட்டையால் தூங்காதவர், மூச்சு நின்றுபோகும்போதெல்லாம் தட்டி எழுப்பியவர். அவர்தான் உண்மையில் இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர். மாஸ்க் போட்ட முதல் இரவு அந்த அமைதியில் பயந்துபோய், "மூச்சு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்" என்று என் மனைவி சொன்னாள். நோயாளியின் மனைவியோடு வழித்துணையின் மனைவி பேசுவது பெரிய உதவி. அந்தப் பேச்சில் நாம் குறுக்கிட வேண்டியதில்லை.

வீட்டார் காவல்காரர் ஆகிவிடக் கூடாது. "நேத்து போட்டீங்களா இல்லையா?" என்று காலைக் காப்பிக்கு முன் கேட்பது இருவருக்கும் கசப்பைத்தான் வளர்க்கும். அந்தக் கேள்வியை வழித்துணையிடம் விட்டுவிடுங்கள். வெளியாள் கேட்டால் வலிக்காது. வீட்டார் செய்யக்கூடியது வேறு. தொட்டியில் தண்ணீர் மாற்றிவைப்பது, குழந்தைகளிடம் இது என்ன என்று சொல்வது. பேரப்பிள்ளைகளுக்கு ஒருமுறை மாஸ்க்கைக் காட்டிவிட்டால் பயம் போய்விடும்.

ஏழாம் படி: கரன்ட், பயணம், பணம்

இந்த மூன்றும் டாக்டரின் அறையில் பேசப்படாதவை. கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் வீட்டு இன்வெர்ட்டரில் இயந்திரத்தை ஓட்டலாம். சைன்வேவ் வகை நல்லது. ஹியூமிடிஃபையரை அணைத்தால் மின்செலவு கணிசமாகக் குறைந்து, பாட்டரி அதிக நேரம் தாங்கும்.

ரயிலில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுவதுண்டு. அதை நம்பி ஏறாதீர்கள். அடிக்கடி இரவுப் பயணம் செய்பவர் இயந்திரத்துக்கான தனி பாட்டரி வாங்கிக்கொள்வது நல்லது. விமானத்தில் இயந்திரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். உதிரி லித்தியம் பாட்டரி கட்டாயம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்ஹவருக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். டாக்டரின் சிறு கடிதம் ஒன்று பையிலேயே இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேரோடு படுக்கும் இரவுக்கும் ஒரு தீர்வு யோசித்துவையுங்கள். ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், சுவரோர இடமும் போதும். யாராவது என்னவென்று கேட்டால் "தூங்கும்போது மூச்சு நிக்குது, அதுக்கு" என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது மறுநாள் காலை உங்களிடம் தனியாக வந்து, "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பிப்பார்.

பணம் என்றால், வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பல ஊர்களில் கிடைக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் பல பாலிசிகள் சிபாப்புக்குப் பணம் தருவதில்லை, முன்பே விசாரியுங்கள். மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.ஹெச்.எஸ். திட்டத்தில் திரும்பப் பெற வழி இருக்கிறது. அதற்கு என்னென்ன காகிதம் என்பதை ஏற்கெனவே வாங்கியவரிடம் கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வழித்துணை தொடக்கூடாத இடங்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தில்தான் தவறு நடக்கிறது. அழுத்தத்தின் எண்ணை மாற்றச் சொல்லக் கூடாது. "எனக்கு 12 வெச்சதும் சரியாச்சு, நீங்களும் 12 வையுங்க" என்பது மற்றவருக்கு எழுதிய மருந்தைக் கொடுப்பதுபோல. ராம்ப் நேரம் (தொடக்கத்தில் அழுத்தம் மெல்ல ஏற எடுக்கும் நேரம்), ஈரப்பதம், மாஸ்க் பொருத்தம் இவற்றைப் பற்றிப் பேசலாம், அழுத்தத்தைப் பற்றி வேண்டாம். தூக்க மாத்திரை சிபாரிசு கூடாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கச் சொல்லக் கூடாது. தான் போட்ட மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்கக் கொடுக்கவும் கூடாது, காட்டினால் போதும்.

சில விஷயங்களைக் கேட்டதும் பேச்சை நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்றால், இன்றே வண்டியை விட்டுவிட்டு டாக்டரிடம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை. மூக்கில் ரத்தம், மூக்குத் தண்டில் தோல் கிழிந்த புண், மாஸ்க்கோடு தொடர்ந்த காதுவலி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஆறேழு மணி நேரம் விடாமல் போட்டும் பகல் தூக்கம் குறையவில்லை என்றால் தைராய்டு, வேறு தூக்கக் கோளாறு, மாத்திரைகளின் விளைவு என்று டாக்டர் தேட வேண்டியிருக்கும். இயந்திரத்தில் தெரியும் ஏ.ஹெச்.ஐ. பொதுவாக 5க்குக் கீழே இருக்க வேண்டும். நாள்தோறும் அதற்கு மேல் காட்டினால் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவது வழித்துணை செய்யும் மிகப் பெரிய வேலை. "சரியா தூங்க முடியல டாக்டர்" என்பதற்கும், "விடியற்காலை மூணு மணிக்கு மேல ஒழுகல் கூடுது, மாஸ்க் நடு அளவு, மூக்கடைப்பு இருக்கு" என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு.

குழுவாகச் சேர விரும்பினால்

அமெரிக்காவில் 1990ல் தொடங்கிய ஸ்லீப் ஆப்னியா சங்கம் 'அவேக்' என்ற பெயரில் நோயாளிக் குழுக்களை ஊர் ஊராக நடத்திவந்திருக்கிறது. அந்த அளவுக்கு வேண்டியதில்லை. எட்டுப் பத்துப் பேர், மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், கிளினிக்கில் ஒரு அறை. டெக்னீஷியன் ஒருவர் கடைசிப் பதினைந்து நிமிடம் வந்தால் போதும். ஒரு கட்டிலோ பாயோ கட்டாயம் வேண்டும், படுத்துக் காட்டாமல் மாஸ்க் பேச்சு முழுமையாகாது. விற்பனைப் பேச்சுக்கு இடம் தராதீர்கள். வாட்ஸ்அப் குழு வைத்தால் ஸ்லீப் ரிப்போர்ட்டை அதில் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள், பெயரும் வயதும் எடையும் அதில் இருக்கும். இரவு பத்துக்கு மேல் குட்மார்னிங் படங்களும் வேண்டாம். தூங்கக் கற்றுக்கொள்கிறவர்களின் குழு அது.

மூன்று மாத அழைப்பு வரும்போது பெரும்பாலானவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. பிள்ளையின் படிப்பு, மழை என்று பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். அப்போது நான் ஒன்று கேட்பேன்: "அடுத்த ஞாயிறு புதுசா ஒருத்தர் வர்றார், ரொம்பப் பயந்துபோயிருக்கார். உங்க மாஸ்க்க எடுத்துட்டு வந்து பத்து நிமிஷம் அவர் பக்கத்துல உட்கார முடியுமா?"